சொந்த கேஸ், சொந்த குழாய், ஆனா கப்பல்ல வருது: தீபகற்ப மலேசியா கேஸ் பைப்லைன் ஒரு நிகழ்வு ஆய்வு

1980ல நம்ம நாட்டுல கரண்ட் எதை எரிச்சு வந்துச்சுன்னு கேட்டா பாதிப் பேர் நிலக்கரிம்பாங்க, மீதிப் பேர் கேமரன் மலை டேம்னு சொல்லுவாங்க. ரெண்டும் இல்ல, நூத்துக்கு கிட்டத்தட்ட 88 பங்கு எண்ணெய். 1973ல அரபு நாடுங்க சப்ளைய இறுக்கி விலைய எங்கேயோ கொண்டு போய் விட்டுச்சு, 1979ல ஈரான்ல புரட்சி வந்து மறுபடியும் ஒரு ஏத்தம், இந்த ரெண்டு அடியும் வாங்குன நாடுங்கள்ல நாமளும் ஒண்ணு. நம்ம கிட்ட எண்ணெய் இல்லாம இல்ல. திரெங்கானு கடல்லயும் சரவாக், சபா பக்கமும் இருந்துச்சு, ஆனா நல்ல விலைக்கு வெளிநாட்டுல விக்கக்கூடிய சரக்கு வர்ற நாடு, உள்ள லைட்டு எரியிறதுக்கு எண்ணெயவே நம்பிக்கிட்டு இருந்துச்சு.

அந்த இடத்துல இருந்து தான் இந்தக் கதை தொடங்குது. பிஜியுன்னு சொல்ற தீபகற்ப கேஸ் பயன்பாட்டுத் திட்டம், திரெங்கானு கடல்ல எடுக்கிற கேஸ கெர்த்தேயில கரை ஏத்தி, பகாங், ஜோகூர், நெகிரி, சிலாங்கூர், பேராக்னு கடந்து பெர்லிஸ் வரைக்கும் இழுத்துட்டுப் போற இரும்புக் குழாய். இன்னைக்கு மொத்தமா 2,500 கிலோமீட்டருக்கு மேல இருக்கு. இதைப் பத்தி பேசுறவங்க ரெண்டே கட்சி தான். ஒண்ணு, ஆஹா எவ்ளோ பெரிய சாதனைன்னு சொல்றவங்க, இன்னொன்னு, 2025ல சிலாங்கூர் புத்ரா ஹைட்ஸ்ல இந்தக் குழாய் வெடிச்ச பிறகு மட்டும் பேசுறவங்க. நான் கேக்குறது வேற: எரிபொருள்ல சொந்தக் கால்ல நிக்கணும்னு போட்ட குழாய்க்குள்ள இப்ப கப்பல்ல வர்ற கேஸ் எப்படி ஓடுது? பிரச்சினை குழாயிலயா, இல்ல குழாய் வழியா வித்த விலையிலயா?

யாருக்கும் வேண்டாத கேஸ்

திரெங்கானு கடல்ல எண்ணெய் தேடிப் போனவங்களுக்கு கேஸும் கிடைச்சுச்சு. அந்தக் காலத்துல நடுக்கடல்ல கேஸ் கிடைச்சா யாரும் சந்தோஷப்பட மாட்டாங்க. எண்ணெய்ன்னா கப்பல்ல ஊத்தி எடுத்துட்டுப் போயிடலாம், கேஸுக்கு ஒண்ணு குழாய் வேணும், இல்ல மைனஸ் 160 டிகிரி வரைக்கும் குளிர வச்சு திரவமாக்கணும், ரெண்டுக்கும் மலை மாதிரி காசு. அதனால எண்ணெயோட சேர்ந்து வர்ற கேஸ நிறைய நாட்டுல அப்படியே கொளுத்தி விட்டுருவாங்க.

1974ல பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் வந்துச்சு, அதே வருஷம் ஆகஸ்ட் 17 அரசாங்க எண்ணெய்க் கம்பெனி பெட்ரோனாஸ் பிறந்துச்சு, முதல் சேர்மன் தெங்கு ரசாலி. பூமிக்கடியில இருக்கிற எண்ணெய், கேஸ் எல்லாம் இந்த ஒரு கம்பெனி கைக்கு வந்துச்சு. 1979ல தேசிய எரிசக்திக் கொள்கை, 1980ல எண்ணெய எடுத்துத் தீத்துடாம அளந்து எடுக்கணும்னு ஒரு கொள்கை, 1981ல எண்ணெய், தண்ணி, கேஸ், நிலக்கரின்னு நாலு எரிபொருளா பிரிச்சுக்கணும்னு ஒரு கொள்கை. பேப்பர்ல மூணும் நல்லாத் தான் இருக்கு. ஆனா கேஸ உள்ள கொண்டு வர குழாய் இல்லாம நாலு எரிபொருள்னு பேசுறதுல அர்த்தம் இல்ல.

சரவாக் பக்கம் வேற முடிவு எடுத்தாங்க. அங்க கேஸ் ரொம்ப அதிகம், உள்ளூர்ல வாங்க ஆள் குறைச்சல், அதனால பிந்துலுவுல திரவமாக்கி 1983ல இருந்து ஜப்பானுக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க. தீபகற்பத்துல மட்டும் தான் நமக்கே வச்சுக்கலாம்னு குழாய்.

ஆள் பார்த்து போட்ட குழாய்

முதல் கட்டம் 1984ல முடிஞ்சுது. சின்ன வேலை தான், திரெங்கானு மாநிலத்த விட்டே வெளிய வரல. ஆனா அதுல இருக்கிற புத்திய கவனிக்கணும். கடல்ல இருக்கிற டுயோங் கேஸ் வயல்ல இருந்து வர்ற கேஸ கெர்த்தே பிளாண்ட்ல சுத்தம் பண்ணி, பாக்கா மின் நிலையத்துக்கும் தெலுக் காலோங்ல இருந்த பெர்வாஜா இரும்பு ஆலைக்கும் கொடுத்தாங்க. அதாவது குழாயோட அந்த முனையில யார் நிக்கிறாங்கன்னு முதல்ல பார்த்துட்டு தான் பள்ளம் தோண்டுனாங்க. பெர்வாஜா பின்னாடி நஷ்டத்துல மூழ்குன கதை ஊருக்கே தெரியும், அது இரும்போட தலையெழுத்து, கேஸோட குத்தம் இல்ல. கரண்ட் பக்கம் நின்னவங்க நிலைச்சு நின்னாங்க.

ரெண்டாம் கட்டம் தான் உண்மையான பெரிய வேலை. தெலுக் காலோங்ல இருந்து பகாங் காட்டையும் தோட்டங்களையும் கடந்து செகாமட், அங்க ரெண்டாப் பிரியுது, ஒரு கை வடமேற்கா கிள்ளான் பள்ளத்தாக்கு வழியா காப்பாருக்கு, இன்னொரு கை தெற்க ஜோகூர் பாருவுக்கு, அங்க இருந்து கடலைத் தாண்டி சிங்கப்பூருக்கு. 700 கிலோமீட்டருக்கு மேல, 1991 வாக்குல முடிஞ்சுது. 1992ல சிங்கப்பூர் செனோக்கோ மின் நிலையத்துக்கு நம்ம கேஸ் போக ஆரம்பிச்சுது. வெளிநாட்டுக்காரன் நல்ல விலை கொடுத்து வாங்குறான், அந்த வருமானமும் குழாய் போட்ட செலவுக்கு ஒரு தாங்கல்.

செந்தூல்ல எங்க ஃபிளாட்டுக்கு கீழ் வீட்டுல ஒரு பெரியவர் இருக்காரு, செகாமட் பக்கம் ரப்பர் தோட்டத்துல பிறந்து வளர்ந்தவர். குழாய் வந்தப்ப அவருக்கு இருபது வயசு இருக்கும். அவர் சொல்றத கேட்டா தான் அது எப்படி இருந்துச்சுன்னு புரியும். "தம்பி, முதல்ல சிவப்பு துணி கட்டுன குச்சி நட்டுக்கிட்டே போனான். நாங்க ரோடு வருதுன்னு நினைச்சோம். அப்புறம் மரத்தையெல்லாம் ஒரே நேர்கோட்டுல சாச்சான், பால் வெட்டுற மரம் ஒரு வரிசை ரெண்டு வரிசை இல்ல, லோரி ரெண்டு பக்கத்துல பக்கத்துல போற அகலம். குழாய பள்ளத்து ஓரமா ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரிசையா அடுக்கி வச்சிருந்தான், நாங்க பசங்க ஒரு முனையில கத்துனா இன்னொரு முனையில கேக்கும்." ஒட்டு போட்ட இடத்த எல்லாம் எக்ஸ்ரே புடிப்பாங்களாம், அந்த நேரத்துல கயிறு கட்டி யாரையும் கிட்ட விட மாட்டாங்க, தோட்டத்து மண்டோர் வந்து "இன்னைக்கு ராத்திரி அந்தப் பக்கம் போகாதீங்க"ன்னு லயத்துல சொல்லிட்டுப் போவாராம். தோட்டத்து ஆளுங்க கொஞ்ச பேருக்கு பள்ளம் வெட்டுறதுலயும் குழாய்க்கு மேல பூச்சு சுத்துறதுலயும் நாள் கூலி கிடைச்சிருக்கு, பால் வெட்டுறத விட நல்ல கூலின்னு சொல்றாரு. வெல்டிங் பண்ணவன் எல்லாம் வெளியூர் ஆளு. வேலை முடிஞ்சு மண்ண மூடி புல்லு முளைச்ச பிறகு மிச்சம் இருந்தது மஞ்சள் குச்சியும் அறிவிப்புப் பலகையும் தான், கேஸ் அவங்க லயத்துக்கு வரவே இல்ல, சமையலுக்கு விறகு, அப்புறம் தோங், அதான் கேஸ் சிலிண்டர்.

அது இன்னைக்கும் அப்படித் தான். இவ்ளோ பெரிய குழாய் ஓடுற நாட்டுல பெரும்பாலான வீட்டுக்கு கேஸ் தோங் மோட்டார்சைக்கிள்ல தான் வருது. இது வீட்டுக்காகப் போட்ட குழாய் இல்ல, மின் நிலையத்துக்கும் ஃபேக்டரிக்கும் போட்டது, வீட்டுக்கு அது கரண்டா தான் வருது.

1992 செப்டம்பர்ல தீபகற்பம் முழுக்க கரண்ட் போச்சே, பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும், அதுக்கு அப்புறம் தனியார் மின் உற்பத்திக் கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுத்தாங்க, அவங்க முதல்ல கட்டுனது எல்லாமே கேஸ் நிலையம் தான், ஏன்னா குழாய் ஏற்கனவே வாசல்ல நின்னுச்சு. மூணாம் கட்டம் பேராக், பினாங்கு, கெடான்னு மேற்குக் கரையோரமா ஏறி பெர்லிஸ் வரைக்கும் போச்சு, 90கள் முடியுறதுக்குள்ள. கேஎல்சிசி இரட்டைக் கோபுரத்துக்கு ஏசி தண்ணி குளிர வைக்கிற பிளாண்ட் கூட இந்த கேஸ்ல தான். கேஎல் டாக்சிகள் என்ஜிவின்னு, அதாவது பெட்ரோலுக்குப் பதிலா கேஸ் போட்டு ஓடுனதும் இதே கேஸ் தான், ராத்திரி ரெண்டு மணிக்கு என்ஜிவி நிலையத்துல வரிசை கட்டி நின்ன நம்ம டாக்சி அண்ணன்மாருங்க கிட்ட கேளுங்க, ஒரு புராணமே சொல்லுவாங்க.

2000 வாக்குல பார்த்தா நாட்டோட மின் உற்பத்தியில நூத்துக்கு 70க்கு மேல கேஸ், எண்ணெய் ரொம்ப சொற்பம். இருபது வருஷத்துல நூத்துக்கு 88 பங்குல இருந்து இந்த அளவுக்கு எண்ணெய இறக்கி வைக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல. 1981ல எழுதுன கொள்கையோட முதல் பாதி ஜெயிச்சிருச்சு. ரெண்டாம் பாதி தான் மறந்து போச்சு, நாலு எரிபொருளா பிரிச்சுக்கணும்னு சொல்லிட்டு ஒரே எரிபொருள்ல போய் மறுபடியும் உக்காந்துட்டோம்.

6 வெள்ளி 40 காசு

இங்க தான் முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

1997 மே மாசம் மின் நிலையங்களுக்கு விக்கிற கேஸ் விலைய ஒரு எம்எம்பிடியுவுக்கு 6 வெள்ளி, அதாவது ரிங்கிட், 40 காசுன்னு அரசாங்கம் கட்டி வச்சுது. எம்எம்பிடியுன்னா கேஸ்ல இருக்கிற சூட்டை அளக்கிற கணக்கு, எங்க ஃபேக்டரி பில்லும் அந்தக் கணக்குல தான் வரும். கொஞ்ச நாள்லயே ரிங்கிட் விழுந்து ஆசிய நெருக்கடி வந்துச்சு, அந்த நேரத்துல விலைய ஏத்தாம வச்சது சரி தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த 6.40 அப்படியே 2008 வரைக்கும் அசையல. பதினோரு வருஷம். உலகத்துல எண்ணெய் விலை எங்க இருந்து எங்க போச்சு, கேஸ் விலை எங்க போச்சு, இங்க மட்டும் 6.40.

2008 ஜூலைல ஒரே அடியா 14.31க்கு ஏத்துனாங்க, ஜனங்க கத்துனாங்க, 2009 மார்ச்ல 10.70க்கு இறக்குனாங்க, 2011 ஜூன்ல 13.70, 2014 ஜனவரில 15.20. இந்த எண்களப் பார்த்தாலே தெரியும், இது திட்டம் போட்டு ஏத்துன விலை இல்ல, தேர்தலையும் தெருவையும் பார்த்துக்கிட்டே ஏத்துன விலை.

விலை குறைவா இருந்தா யாருக்கு நல்லது? கரண்ட் பில் கட்டுற எல்லாருக்கும் நல்லது, உங்களுக்கும் எனக்கும் தான். கையுறை ஃபேக்டரி, கண்ணாடி ஃபேக்டரி, டைல்ஸ் ஃபேக்டரி எல்லாம் அந்த விலைய நம்பி தான் இங்க வளர்ந்துச்சு, உலகத்துக்கே ரப்பர் கையுறை அனுப்புற நாடா ஆனதுல இந்தக் குழாய்க்கும் பங்கு உண்டு, ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்க அந்த ஃபேக்டரி சம்பளத்துல பிள்ளைங்களப் படிக்க வச்சிருக்கு. அதை மறைச்சுப் பேச நான் தயாரா இல்ல.

ஆனா அதே விலை இன்னும் மூணு வேலையப் பண்ணுச்சு. முதல்ல, மலிவா கிடைக்கிறத யாரும் மிச்சம் பிடிக்க மாட்டாங்க, தேவை கண்டபடி ஏறுச்சு. அடுத்து, திரெங்கானு கடல்ல புதுசா சின்னச் சின்ன வயல் தோண்டுறதுக்கு அந்த விலையில கணக்கு உதைக்கும், சுலபமா வர்ற கேஸ முதல்ல எடுத்து முடிச்சாச்சு, மிச்சம் இருக்கிறது ஆழத்துலயும் கார்பன் டை ஆக்சைடு கலந்தும் கிடக்கு. கடைசியா, பத்தாத கேஸ பெட்ரோனாஸ் பக்கத்து நாட்டுல இருந்து வாங்கி இதே குழாயில விட வேண்டி வந்துச்சு. இந்தோனேசியாவோட மேற்கு நத்துனாவுல இருந்து 2002ல, வியட்நாமோட பங்கு போட்ட பிஎம்3 வயல்ல இருந்து 2003ல, தாய்லாந்தோட பங்கு போட்ட ஜேடிஏ பகுதியில இருந்து 2005ல. ஜேடிஏ கேஸ் சோங்க்லா பக்கம் கரை ஏறி எல்லையத் தாண்டி கெடா சங்லூன்ல நம்ம குழாய்ல சேருது. வாங்குறது உலக விலையோட ஒட்டி, விக்கிறது கட்டி வச்ச விலைக்கு. நடுவுல விழுற பள்ளத்த பெட்ரோனாஸ் அடைச்சுது. 1997ல இருந்து இந்த மலிவு விலையால பெட்ரோனாஸ் விட்டுக் கொடுத்த வருமானம் நூறு பில்லியன் வெள்ளியத் தாண்டிருச்சு.

நூறு பில்லியன். பெட்ரோனாஸ் காசுன்னா நம்ம காசு தான்.

2010 டிசம்பர்ல 'பெகோக் சி'ங்கிற கடல் மேடையில தீ. அதோட சில மேடைகள்ல பராமரிப்பு வேலையும் சேர்ந்துக்கிச்சு, 2011ல தீபகற்பத்துக்கு கேஸ் பத்தல. கரண்ட் கம்பெனி தெனாகா வேற வழி இல்லாம எண்ணெயும் டீசலும் எரிச்சு கரண்ட் ஓட்டுச்சு. முப்பது வருஷம் முன்னாடி எதை விட்டு ஓடணும்னு குழாய் போட்டாங்களோ அதையே எரிச்சாங்க, அதுவும் கேஸ விடப் பல மடங்கு விலையில. அந்த கூடுதல் செலவ அரசாங்கம், பெட்ரோனாஸ், தெனாகா மூணு பேரும் ஆளுக்கு ஒரு பங்கா போட்டுக்கிட்டாங்க.

அதுக்கு வைத்தியமா தான் மலாக்கா சுங்கை ஊடாங் கடல்ல எல்என்ஜி, அதாவது குளிர வச்சு திரவமாக்குன கேஸ், இறக்குற முனையம், 2013ல ஓட ஆரம்பிச்சுது. கரையில தொட்டி கட்டாம ரெண்டு பழைய எல்என்ஜி கப்பல கடல்லயே கட்டி வச்சு அதையே தொட்டியா மாத்திட்டாங்க, நடுவுல ஒரு மேடையில திரவத்த மறுபடி கேஸாக்கி குழாய் வழியா கரைக்கு. வருஷத்துக்கு 38 லட்சம் டன் இறக்கலாம். 2017 கடைசியில ஜோகூர் பெங்கெராங்ல இன்னொன்னு, 35 லட்சம் டன்.

இப்ப ஒரு நிமிஷம் யோசிங்க, பிந்துலுவுல நம்ம கேஸ குளிர வச்சு கப்பல்ல ஏத்தி வெளிநாட்டுக்கு அனுப்புறோம், மலாக்காவுல கப்பல்ல வர்ற கேஸ சூடாக்கி குழாயில விடுறோம். ஏன் சரவாக் கேஸ நேரா குழாயில கொண்டு வரலன்னு மாமாக் கடையில கேக்காத ஆள் இல்ல. நடுவுல 600 கிலோமீட்டருக்கு மேல கடல், அதுல குழாய் போட்டா அந்தக் காச எந்த விலையில திரும்ப எடுக்கிறது, 6.40லயா? அதோட ஜப்பான்காரன் கிட்ட நீண்ட கால ஒப்பந்தம், அவன் கொடுக்கிற விலை வேற. ஆக நம்ம கேஸ் நமக்கு வராததுக்கு கடல் பாதி காரணம், நாமளே கட்டி வச்ச விலை மீதி பாதி.

கேஸ் மேல சாஞ்சு இருக்கக் கூடாதுன்னு 2000க்கு அப்புறம் மஞ்சோங், தஞ்சோங் பின், ஜிமான்னு நிலக்கரி நிலையங்களக் கட்டுனாங்க. நிலக்கரி எங்க இருந்து வருது? கிட்டத்தட்ட முழுக்க இறக்குமதி, இந்தோனேசியா, ஆஸ்திரேலியான்னு. தீபகற்பத்துல கரண்ட் பாதிக்கு மேல அதுல போன வருஷங்களும் உண்டு. சுயசார்புன்னு தொடங்கி இங்க வந்து நிக்கிறோம்.

குழாய் வேஸ்ட்டுன்னு சொல்ல வரல, நேர் எதிர். குழாய் வலை இருந்ததால தான் கடல் கேஸ் குறைஞ்சப்ப தாய்லாந்து பக்கம் இருந்தும் மலாக்கா பக்கம் இருந்தும் வேற கேஸ உள்ள விட முடிஞ்சுது. இரும்பு தன் வேலைய ஒழுங்கா செஞ்சுது, அதுக்கு மேல எழுதி வச்ச விலை தான் செய்யல. 2017ல இருந்து சட்டப்படி மத்தவங்களும் வாடகை கட்டி இந்தக் குழாயில கேஸ் அனுப்பலாம்னு ஆச்சு, விலையும் கொஞ்சம் கொஞ்சமா சந்தையோட ஒட்டுது. வந்தது நல்லது தான், இருபது வருஷம் லேட்டு.

காலண்டர் பார்த்து காசு கொடுத்த குழாய்

ஆள் பார்த்துப் போட்ட குழாய்க்கு நேர் எதிரா ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லாம விட முடியாது. 2016ல நிதியமைச்சுக்குக் கீழ இருந்த சூரியா ஸ்ட்ராடெஜிக் எனர்ஜிங்கிற கம்பெனி ரெண்டு குழாய்க்கு சீனா பெட்ரோலியம் பைப்லைன் பியூரோவுக்கு குத்தகை கொடுத்துச்சு. ஒண்ணு மலாக்கா, போர்ட் டிக்சன்ல இருந்து கெடா ஜித்ரா வரைக்கும் பெட்ரோல், டீசல் எல்லாம் கொண்டு போற 600 கிலோமீட்டர் குழாய், இன்னொன்னு சபாவுல கிமானிஸ்ல இருந்து சண்டாக்கான், தாவாவ் வரைக்கும் 662 கிலோமீட்டர் கேஸ் குழாய். மொத்தம் 9.4 பில்லியன் வெள்ளி, பெரும்பகுதி சீன எக்சிம் பேங்க் கடன்.

2018ல ஆட்சி மாறுச்சு, ஜூன் மாசம் அப்போதைய நிதியமைச்சர் லிம் குவான் எங் கணக்க வெளிய போட்டாரு: 88 சதவீதம் காசு போயிருச்சு, வேலை நடந்தது சராசரியா 13 சதவீதம். காரணம் ஒப்பந்தத்துலயே இருந்துச்சு, வேலை முடிஞ்ச அளவுக்கு காசு இல்ல, தேதி வந்தா காசு. வீடு கட்டுற கொன்ட்ராக்டருக்கு அஸ்திவாரம் தோண்டும்போதே ஓட்டுக்கும் பெயிண்டுக்கும் காசு கொடுத்துட்டு வாசல்ல நின்ன மாதிரி. அந்த செப்டம்பர்ல திட்டம் ரத்து, 2019 ஜூலைல அந்த சீனக் கம்பெனியோட கணக்குல இருந்து ஒரு பில்லியன் வெள்ளிக்கு மேல அரசாங்கம் எடுத்துக்கிச்சு.

இதையும் நாட்டு நலன், எரிபொருள் பாதுகாப்புன்னு தான் சொன்னாங்க. எனக்கு காசை விட உறுத்துறது வேற. மலாக்காவுலயும் போர்ட் டிக்சன்லயும் இருந்து டெங்கில் வரைக்கும் எண்ணெய் குழாய் ஏற்கனவே இருக்கு, அது போக மீதிக்கு கப்பலும் லோரியும் ஓடிக்கிட்டு இருக்கு. தாவாவ்ல கேஸ் வாங்கப் போற பெரிய மின் நிலையம் எது? அந்த முனையில நிக்கப் போற ஆள் யார்னு முதல்ல காட்டுனாங்களா? 1984ல பாக்காவுல அந்தக் கேள்விக்குப் பதில் கட்டடமாவே நின்னுச்சு.

கிமானிஸ்ல இருந்து பிந்துலுவுக்கு 512 கிலோமீட்டர் போட்ட சபா சரவாக் குழாய் கதை இன்னொரு ரகம். மலையும் சரிவுமா இருக்கிற இடம், 2014 ஜூன்ல லாவாஸ் பக்கம் வெடிச்சுது, 2020 ஜனவரில மறுபடியும் அதே வட்டாரத்துல. கிழக்க மண்ணு நகரும்னு அப்பவே தெரிஞ்சிருச்சு. மேற்குல நகராதுன்னு நினைச்சோம்.

புத்ரா ஹைட்ஸ்

2025 ஏப்ரல் 1, ஹரி ராயா ரெண்டாம் நாள், காலையில எட்டு மணி பத்து நிமிஷம், புத்ரா ஹைட்ஸ்ல குழாய் வெடிச்சுது. நெருப்பு கேஎல்ல உயரமான ஃபிளாட்ல இருந்தே தெரிஞ்சுது. சாயங்காலம் மூணே முக்கால் வாக்குல தான் அடங்குச்சு. ஏன் இவ்ளோ நேரம், வால்வ மூடலயான்னு எல்லாரும் கேட்டாங்க. மூடுனாங்க. ஆனா ரெண்டு வால்வுக்கு நடுவுல கிலோமீட்டர் கணக்கா குழாய், அதுக்குள்ள பெரிய அழுத்தத்துல அடைச்ச கேஸ், வால்வு மூடுனா புதுசா வராது, உள்ள இருக்கிறது எரிஞ்சு தீர்ற வரைக்கும் காத்திருக்கிறத தவிர பொம்பாவும், அதான் தீயணைப்புப் படையும், ஒண்ணும் செய்ய முடியாது, வீட்டுப் பக்கம் தண்ணி அடிச்சு குளிர வைக்கலாம், அவ்ளோ தான். உயிர்ச் சேதம் இல்லாதது பெரிய புண்ணியம், நூத்துக்கும் மேல பேருக்கு காயம், எண்பதுக்கும் மேல வீடு குடியிருக்க முடியாமப் போச்சு, குழி ஏறக்குறைய பத்து மீட்டர் ஆழம்.

எல்லாரும் பக்கத்துல மண் தோண்டுன வேலையத் தான் காட்டுனாங்க. ஜூன் 30 அறிக்கை வந்துச்சு. வேலையிடப் பாதுகாப்பு இலாகா டோஷ் சொன்னது, குழாய்க்கு அடியில இருந்த மண் தண்ணி ஊறி தாங்கும் சக்திய இழந்திருச்சு, குழாய் போட்ட இடத்துல இருந்து 25.9 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கு, ஆயிரக்கணக்கான தடவை மேலயும் கீழயும் அசைஞ்சு ஒட்டு போட்ட இடத்துல விட்டுப் போச்சு. நாசவேலைக்கும் அலட்சியத்துக்கும் ஆதாரம் இல்லன்னு போலீஸ் சொல்லிருச்சு.

25.9 சென்டிமீட்டர், ஒரு பள்ளிக்கூட ஸ்கேல விட கொஞ்சம் குறைவு. அதுவும் ஒரே நாள்ல நகர்ந்தது இல்ல. குழாய்க்குள்ள பிக்னு ஒரு கருவிய ஓட்டி சுவர் தேய்மானம் பார்ப்பாங்க, துருப் பிடிக்காம இருக்க மின்சாரம் விடுவாங்க, இதெல்லாம் ஒழுங்கா நடந்தாலும் அடியில மண் மெதுவா ஓடுறத அது முழுசா சொல்லாது, அதுக்குத் தனியா அளக்கணும். கிள்ளான் பள்ளத்தாக்குல குழாய் வந்தப்ப நிறைய இடம் தோட்டமும் செம்மண் மேடும். அப்புறம் தான் தாமான்னு சொல்ற குடியிருப்பு, லிங்க் ஹவுஸ், ஹைவே, சாக்கடை, தண்ணி போற பாதையே மாறிப் போச்சு. குழாய் அதே இடத்துல, சுத்தி ஊர் வேற.

எங்க ஃபேக்டரியில என்ன ஆச்சுன்னு சொல்றேன், நான் பாய்லர்மேன், ஷா ஆலாம்ல. அன்னைக்கு லீவு, பாய்லர் சின்னத் தீயில நின்னுச்சு. வேலை ஆரம்பிச்ச பிறகு தான் கேட் பக்கம் மீட்டர் ஸ்டேஷன்ல அழுத்தம் இறங்குறது தெரிஞ்சுது, முள்ளு கொஞ்சம் கொஞ்சமா சாஞ்சு, ஒரு கட்டத்துல அழுத்தம் பத்தலன்னு ஸ்விட்ச் பர்னர வெட்டி விட்டுருச்சு. எங்க பர்னர் கேஸ், டீசல் ரெண்டுலயும் ஓடும். ஆனா டீசல் பக்கம் ரொம்ப நாளா தொடாத நாசில், தட்டு தட்டா கரி புடிச்சு, தீ மஞ்சளா ஆடுது, புகைபோக்கியில கறுப்புப் புகை. கழட்டி ஊறப் போட்டு பிரஷ் அடிச்சு மாட்டுறதுக்குள்ள ரெண்டு ஷிஃப்ட்டு ஆளுங்க லைன்ல சும்மா உக்காந்திருந்தாங்க. சூப்பர்வைசர் வந்து "அண்ணே, டீசல் எவ்ளோ இருக்கு"ன்னு கேக்குறாரு, தொட்டியில குச்சி விட்டுப் பார்த்தா அரைக்கும் கீழ. எங்கள மாதிரி ஃபேக்டரி அந்த வட்டாரத்துல எத்தனையோ, எல்லாரும் ஒரே நேரத்துல டீசல் லோரிக்கு போன் அடிக்கிறான்.

ஒரு குழாய், ஒரு பாதை. கேஸ் உள்ளூர்ல எடுத்ததா, ஆஸ்திரேலியாவுல இருந்து வந்ததான்னு அந்த வாரம் யாரும் கேக்கல.

அதுக்கு அப்புறம் கம்பெனி டீசல் தொட்டிய எப்பவும் நிரப்பி வைக்கச் சொல்லிருச்சு, மாசம் ஒரு தடவை டீசல்ல ஓட்டிப் பார்க்கணும்னு லாக் புக்ல ஒரு வரி கூடுச்சு. என்ஜிவி டாக்சிங்க 2025 ஜூலை 1ல இருந்து இல்ல, தொட்டி எல்லாம் வயசாயிருச்சுன்னு அரசாங்கமே நிறுத்திருச்சு. முதலாளி இப்ப செம்பனைக் கொட்டை ஓடு எரிக்கிற பாய்லருக்கு விலை கேட்டிருக்காரு, நம்ம நாட்டுல செம்பனை ஆலைக்கு குறையே இல்லயே, இதாவது நமக்கு நிக்கும்னு. சப்ளையர் வந்து உக்காந்து சொன்ன முதல் விஷயம், நல்ல ஓடு எல்லாம் ஜப்பான் மின் நிலையத்துக்கு கப்பல் ஏறுது, வேணும்னா அவன் கொடுக்கிற விலைய நீங்களும் கொடுங்க.